கால்கட்டு

பென்னாகரம் தாண்டும்போது மாது முதல் தடவை போன் செய்தான். மஞ்சள்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் சுகுணா ரோஜா மாலை வாங்கிக்கொண்டிருந்தபோது மறுபடியும் கூப்பிட்டான். டப்பா கிடைத்துவிட்டதாம். ஆனால் உள்ளே இருப்பது மஞ்சளா கடலைமாவா என்று தெரியவில்லையாம்.

"மோந்து பாருங்க," என்றாள் சுகுணா.

"மோந்துட்டன். எல்லா டப்பாவுலயும் மீன் வாசம்தான் அடிக்குது."

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை போட்டிருக்கிற புருஷனுக்கு, கையில் சாவு மாலையை வைத்துக்கொண்டு, மஞ்சளுக்கும் கடலைமாவுக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டியிருந்தது. "நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா மஞ்சள்," என்று சொல்லிவிட்டு போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பூக்காரம்மா அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

கடத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் தன் பங்குக்கு வந்தான். "சாவு மாலையாம்மா? முன்னாடி வெக்காத, டிரைவர் பாத்தா மூஞ்ச தூக்கிக்குவாரு. சீட்டு மேலயும் வெக்காத. யாராச்சும் ஒக்காருவாங்க."

"அப்ப எங்கதான் வெக்கறது? தலையில வெச்சுக்கட்டுமா?"

"கீழ வெச்சுக்கம்மா."

செத்தவளுக்குப் போடும் மாலையை எச்சில் துப்பிய பஸ் தரையில் வைக்க மனசு வரவில்லை. முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் இதழ்கள் உதிர்ந்தன. கடத்தூரில் இறங்கி பொம்மிடி ரோட்டில் மினி பஸ் பிடித்து ஊர்முனைக்கு வந்து சேர்ந்தபோது, மாலையில் பூவை விட நார்தான் அதிகமாகத் தெரிந்தது.

ஊர்முனையில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். மலர்விழி அதில் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டோ ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பச்சைப் பட்டுப்புடவையும் நெத்திச்சுட்டியுமாக, யாரோ கட்டாயப்படுத்தி நிற்க வைத்த முகத்தோடு இருந்தாள். 'எங்கள் குலவிளக்கே, கால்பந்து வீராங்கனையே' என்று எழுதியிருந்தது. அவளுடைய காலருகே ஒரு பந்தின் படம். சுகுணா கிட்டே போய்ப் பார்த்தாள். வாலிபால்.

"அக்கா, வாங்க," என்று மலர்விழியின் தம்பி மாதேஸ்வரன் ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது. பாவம், அழுதிருக்கிறான். ஆனாலும் சுகுணாவால் வாயை அடக்க முடியவில்லை.

"மாதேசு, அது வாலிபாலுடா."

அவன் திரும்பிப் பார்த்தான். "ரெண்டும் ரவுண்டாத்தான இருக்குது?"

இதே மாதேஸ்வரன்தான், அக்கா அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு ஊர் ஊராக விளையாடப் போவது தனக்கு மானக்கேடு என்று சொல்லி மூன்று வருஷம் அவளோடு பேசாமல் இருந்தவன். இப்போது குலவிளக்கு. டெங்கு காய்ச்சல் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போனால்தான் அவள் விளக்காவாள் போலிருக்கிறது.

சுகுணாவும் மலர்விழியும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே டீம். சுகுணா பின்னால் நின்று தடுப்பாள். மலர்விழி இடது ஓரத்தில் ஓடுவாள். பத்தாவதோடு சுகுணாவைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மலர்விழி ஓடிக்கொண்டே இருந்தாள். கேரளாவில் ஒரு கிளப், ஒடிசாவில் ஒரு கிளப், அப்புறம் மறுபடியும் கேரளா. பந்து உதைப்பதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள் என்பதை ஊரில் கடைசி வரைக்கும் யாரும் நம்பவில்லை. ஏதோ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்கிறாள், கௌரவத்துக்காகப் பந்து என்று சொல்கிறாள் என்றே பேசிக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒகேனக்கல்லுக்கு வந்து சுகுணாவின் கடையில் மீன் தின்றுவிட்டு, பக்கத்து டீக்கடைக்காரர் ராஜப்பனோடு மலையாளத்தில் கால்பந்து சண்டை போட்டுவிட்டுப் போவாள். ராஜப்பனுக்கு அறுபது வயது. முழங்கால் வரை லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவரும் சரிக்குச் சரி கத்துவார். போன தடவை வந்தபோது, "நாற்பது வயசு வரைக்கும் ஆடுவேன் சேட்டா," என்று பந்தயம் கட்டினாள். முப்பத்து நான்கு முடியவில்லை.

பந்தலுக்குள் ஐஸ் பெட்டி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஐஸ் பெட்டியைத் திறந்து மீன் எடுக்கிறவள்தான் சுகுணா. இந்தப் பெட்டியின் பக்கத்தில் போக அவளுக்குக் கால் வரவில்லை. கண்ணாடிக்கு மேல் பனி பூத்திருந்தது. தலைமாட்டில் மலர்விழியின் அம்மா சின்னம்மாள் ஒரு கையைப் பெட்டிமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யாரிடமும் பேசவும் இல்லை. வருகிற பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது தன்னைக் கொடுத்துவிட்டு, அவர்கள் விட்டதும் மறுபடியும் கையை அதே இடத்தில் வைத்துக்கொண்டாள்.

சுகுணா முந்தானையால் பனியைத் துடைத்துப் பார்த்தாள். மலர்விழிக்கு அரக்குக் கலர் பட்டுப்புடவை உடுத்தியிருந்தார்கள். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். தலை நிறைய மல்லிகை. கல்யாணப் பெண்ணைப் போல இருந்தாள். கால் பக்கம் துடைத்தாள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து மஞ்சளில் நனைத்த துணிக்கிழிசலால் கட்டியிருந்தது. எல்லாப் பிணத்துக்கும் கட்டுவதுதான். ஆனால் இப்படி இறுக்கிக் கட்டி அவள் பார்த்ததில்லை. துணி விரல் சதைக்குள் பதிந்திருந்தது.

மலர்விழிக்கு இறுக்கினால் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ஷூ கயிற்றைச் சுகுணாதான் கட்டிவிடுவாள், ஏனென்றால் மலர்விழி கட்டினால் பத்து நிமிஷத்தில் அவிழ்ந்துவிடும். "இறுக்காதடி. கால் மூச்சு வுடணும்," என்பாள் ஒவ்வொரு தடவையும்.

"யாரு இப்பிடிக் கட்டுனது?" என்று சுகுணா கேட்டாள்.

"நாந்தான்," என்றாள் கோவிந்தம்மாள். பக்கத்து வீட்டுக்காரி. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று கடைசி வரைக்கும் கூடவே நின்று சொல்கிறவள். "இறுக்கித்தான் கட்டணும். கன்னியா போனவ இல்ல?"

"சரிக்கா. குழியில எறக்கறதுக்கு முன்ன அவுத்துருவாங்கதான?"

எல்லோருக்கும் அப்படித்தான். குழிமேட்டில் கைக்கட்டு, கால்கட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுத்தான் இறக்குவார்கள். போகிறவர்கள் கட்டோடு போகக் கூடாது.

கோவிந்தம்மாள் தலையை ஆட்டினாள். "கன்னிக்கு அவுக்க மாட்டாங்க. அவுத்து வுட்டா நேரா நடந்து வூட்டுக்கு வந்துருவா."

"வந்தா என்னா? அவ வூடுதான?"

கோவிந்தம்மாள் பந்தலின் மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு வாழைக்கன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதற்கு வெள்ளை வேட்டி சுற்றி, துண்டு போட்டு, சந்தனம் வைத்திருந்தார்கள்.

"அதுக்குத்தான் இது. வாழமரத்தோட ஒரு தாலியக் கட்டிட்டா அவ கன்னி இல்ல. அப்பறம் கால அவுத்து வுடலாம். கால்கட்டு போட்டாத்தான்டி கால்கட்டு அவுரும்."

சுகுணா வாழைக்கன்றைப் பார்த்தாள். கல்யாணத்தைத்தான் ஊரில் கால்கட்டு என்பார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன் இந்த வீட்டில் தினமும் கேட்ட பேச்சு அது. 'ஒரு கால்கட்டு போட்டாத்தான் இவ அடங்குவா' என்று சொல்லிச் சொல்லி, தாய்மாமன் தீர்த்தகிரி தன் மகன் இளம்பரிதிக்கு மலர்விழியை நிச்சயம் செய்தார். நிச்சயத்துக்கு மறுநாள் விடிகாலை பொம்மிடி ஸ்டேஷனில் அவளை ரயில் ஏற்றிவிட்டது சுகுணாதான். "காலக் கட்டிட்டா பந்த எத வெச்சு ஒதைக்கறது?" என்று ஜன்னலில் சிரித்தாள் மலர்விழி. கையில் ஒரு துணிப்பையும், அதற்குள் ஒரு ஜோடி ஷூவும்தான் இருந்தன.

"மரத்துக்காகத் தாலிய யாரு கட்டறது?" என்று கேட்டாள் சுகுணா. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. பந்தலுக்கு வெளியே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"மொறமாப்பிள்ளை இருக்கறப்ப வேற யாருடா கட்டுவான்?" தீர்த்தகிரியின் குரல் பம்பைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "இளம்பரிதி கட்டுவான். நான் தாய்மாமன், எனக்கு இல்லாத உரிமையா?"

இளம்பரிதி தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைமுடி பாதி கொட்டியிருந்தது. அவனுடைய மனைவிதான் பேசினாள்.

"கட்டட்டும் மாமா, தாராளமா கட்டட்டும். எனக்குக் கட்டுன அதே கையால கட்டட்டும். நான் புள்ளைங்கள இட்டுக்கிட்டு இப்பயே பஸ் ஏறுறன்."

"செத்தவளுக்குத்தானம்மா கட்டறான்."

"உசுரோட இருந்தப்பவே அவ வேணாம்னுட்டு ரயில் ஏறுனா. செத்ததும் சரின்னுடுவாளா?"

அந்தக் கூட்டத்தில் காலையிலிருந்து ஒரு நல்ல பேச்சு கேட்டதென்றால் இதுதான் என்று சுகுணாவுக்குத் தோன்றியது. ஆனால் தீர்த்தகிரி விடுவதாக இல்லை. தாலி கட்டாவிட்டால் கால்கட்டை அவிழ்க்கக் கூடாது, கட்டோடுதான் புதைக்க வேண்டும், அப்புறம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னைக் கேட்காதீர்கள் என்றார். நாலு பேர் ஆமாம் என்றார்கள். தாலியும் தட்டும் உள்ளே வந்தன. இளம்பரிதியை ஒருவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, எந்தக் கையிலிருந்து தப்பி ஓடினாளோ அந்தக் கையால் தாலி. இல்லையென்றால் காலைக் கட்டிய கட்டோடு மண்ணுக்குள். அந்த நேரம் பார்த்து இடுப்பில் போன் அதிர்ந்தது. மாது.

"சுகு, கசக்குது. ஆனா கடலமாவும் பழசானா கசக்குமா?"

போனைத் துண்டித்தாள். நிமிர்ந்தாள். வாயிலிருந்து அது தானாக வந்தது.

"அவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு."

தள்ளிக்கொண்டு வந்தவர் இளம்பரிதியின் தோளை விட்டார்.

"கேரளாவுல. ரிஜிஸ்டர் கல்யாணம். என்கிட்ட மட்டும்தான் சொன்னா. அதனால மரமும் வேணாம், தாலியும் வேணாம். கால அவுத்து வுட்டு அடக்கம் பண்ணுங்க."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நாங்கள் அப்போதே நினைத்தோம் என்கிற மாதிரி எல்லோரும் தலையசைத்தார்கள். பதினைந்து வருஷம் வெளியூரில் இருந்த பெண் பந்துதான் உதைத்தாள் என்பதை நம்பாதவர்கள், இதை ஒரே மூச்சில் நம்பிவிட்டார்கள்.

"பேரு என்னா?" என்றார் தீர்த்தகிரி.

"யாரு பேரு?"

"மாப்பிள்ள பேரு."

மலையாளிகளில் சுகுணாவுக்குத் தெரிந்த ஆம்பளை ஒருவர்தான். "ராஜப்பன்," என்றாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தது அவளுடைய தப்பு. தீர்த்தகிரி மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. புருசன் இருக்கறப்ப நாம எப்பிடித் தூக்கறது? அவருதான் எல்லாம் பண்ணணும். போன் போட்டு வரச் சொல்லு. மாதேசு, ஐஸ் பெட்டிக்காரன்கிட்ட இன்னொரு நாளைக்கு வேணும்னு சொல்லிடு."

"இன்னொரு நாளா?"

"கேரளாவுலருந்து வர்றதுன்னா சும்மாவா?"

எல்லாக் கண்களும் அவள் போனைப் பார்த்தன. சுகுணா போனை எடுத்து, எதையோ தேடுவது போல விரலை மேலும் கீழும் தள்ளினாள். கட்லா மீன்காரர், கேஸ்காரர், எண்ணெய்க்கடை. இன்னொரு நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குள், இறுக்கிக் கட்டின காலோடு.

போனை ஆப் பண்ணிவிட்டு, "அவரு இல்ல," என்றாள்.

"எங்க போயிட்டாரு?"

"செத்துட்டாரு. போன வருசம்."

கொஞ்ச நேரம் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி நிஜமாகவே மூக்கைச் சிந்தினாள். பிறகு கோவிந்தம்மாள் ஒரு சொம்பில் தண்ணீரும் கையில் ஈரத்துணியுமாகப் பெட்டியை நோக்கி நடந்தாள்.

"எதுக்குக்கா அது?"

"பொட்ட அழிக்க வேணாமா? பூவ எடுக்க வேணாமா? தாலி அறுத்தவள இந்தக் கோலத்துலயா அனுப்பறது?"

சுகுணா பெட்டிக்குக் குறுக்கே போய் நின்றாள். பள்ளிக்கூட டீமில் அவளைத் தாண்டிப் பந்து போனது ரொம்பக் குறைவு. "தொடாதீங்க."

"நீதானடி சொன்ன?"

"அவரு சாவறதுக்கு முன்னயே அத்துவுட்டாச்சு. கோர்ட்ல. அதனால அவ தாலி அறுத்தவளும் இல்ல."

கோவிந்தம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். "கன்னி இல்ல. புருசன் இருக்கறவ இல்ல. தாலி அறுத்தவளும் இல்ல." மடக்கிய விரல்களையே பார்த்தாள். "அடியே, இதுக்கு நான் எங்க போயிக் கேக்கறது?"

"யாரையும் கேக்க வேணாங்கா. அவ பந்து வெளையாடுனவ. அவ்வளவுதான்."

"அதுக்கு ஒரு மொறையும் இல்லையே," என்றாள் கோவிந்தம்மாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அரூரில் தீர்த்தகிரிக்கு ஒரு பங்காளி இருந்தார். முறை தெரிந்தவர் என்று பெயர். அவரைப் போனில் கேட்பது என்று முடிவானது. பந்தலுக்குள் சிக்னல் கிடைக்காததால் ஆம்பளைகள் எல்லோரும் ரோட்டுக்குப் போனார்கள். என்ன பதில் வருகிறது என்று கேட்கப் பெண்களும் பின்னாலேயே போனார்கள். தாலித் தட்டு சேர்மேல் கிடந்தது. மூலையில் யாரோ அவிழ்த்துவிட்ட வெள்ளாடு ஒன்று உள்ளே புகுந்து, வாழை மாப்பிள்ளையின் இலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அதை விரட்ட வேண்டும் என்று சுகுணாவுக்குத் தோன்றவில்லை.

"சுகுணா."

சின்னம்மாள் கூப்பிட்டாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"என்னம்மா?"

"ராஜப்பன்னு யாரும் இல்லதான?"

சுகுணாவால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "இருக்காரும்மா. எங்க கடைக்குப் பக்கத்துல டீ போடறாரு. வயசு அறுவது."

சின்னம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையாக ஆரம்பித்து, நடுவில் வேறு என்னவோ ஆகி, மறுபடியும் அழுகையாக முடிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"காத்தாலருந்து பாத்துக்கிட்டே இருக்கறன். ரொம்ப இறுக்கிட்டாங்க. அவளுக்கு இறுக்குனா புடிக்காது."

"தெரியும்மா."

"நீதான அவளுக்குக் கயிறு கட்டி வுடுவ. அவுத்து வுடு."

"அவங்க வந்தா?"

"பெத்தவ சொல்றன். அவுத்து வுடு."

சுகுணா ஸ்விட்சை அணைத்தாள். கரகரப்பு நின்றதும் பந்தல் திடீரென்று பெரிதானது போல இருந்தது. இருவரும் கால்மாட்டில் மூடியைத் தூக்கினார்கள். சின்னம்மாள் அதைத் தோளால் தாங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து குளிர் முகத்தில் அடித்தது.

முடிச்சு ஈரத்தில் நனைந்து, பனியில் கல்லாகியிருந்தது. நகத்தை நுழைக்க இடமில்லை. தினமும் மீன் செதில் சுரண்டித் தேய்ந்த நகம் வேறு. ஊக்கால் நெம்பினாள். ஊக்கு வளைந்தது. கத்தரிக்கோல் கேட்டால் ஊரே வந்துவிடும். ரோட்டில் தீர்த்தகிரி, "கேக்குதா? அத்துவுட்டது! அத்துவுட்டதுங்கறன்!" என்று போனில் கத்திக்கொண்டிருந்தார்.

சேற்றில் ஆடிவிட்டு வந்தால் ஷூ கயிறு இப்படித்தான் இறுகிப்போயிருக்கும். அப்போது என்ன செய்வாளோ அதையே இப்போதும் செய்தாள். குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்தாள். மஞ்சள் கசந்தது. குளிர் பல் வேர் வரைக்கும் ஏறியது. மூக்கு அந்த விரல்களின்மேல் பட்டது. ஒருபக்கமாக இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தாள். துணி கொஞ்சம் நெகிழ்ந்தது. அப்புறம் நகம் நுழைந்தது.

கட்டு வந்துவிட்டது. கால்கள் விலகவில்லை. விறைத்து, ஒட்டியபடியே இருந்தன. கட்டைவிரலில் துணி அழுத்திய பள்ளம் அப்படியே நின்றது. சுகுணா அதைப் பெருவிரலால் தேய்த்தாள். தேய்த்தால் போகிற பள்ளம் இல்லை என்று தெரிந்தும் தேய்த்தாள். சின்னம்மாள் ஒரு கையால் மூடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையை இரண்டு பாதங்களுக்கும் நடுவே நுழைத்து, மெல்ல அகற்றினாள். ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி உண்டானது.

"போதும்," என்றாள்.

சுகுணா தான் கொண்டுவந்த மாலையை எடுத்துப் பாதங்களின்மேல் பரப்பினாள். நாரும் நாலைந்து ரோஜாவுமாக இருந்தாலும் மறைக்கப் போதுமானதாக இருந்தது. மூடியை இறக்கி, ஸ்விட்சைப் போட்டாள். கட்டின துணியைச் சின்னம்மாள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தீர்த்தகிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். "கேட்டாச்சு. ஒரு தடவ கல்யாணம் ஆயிட்டா, அத்துவுட்டாலும் சரி, அறுத்தாலும் சரி, கன்னிக் கணக்குல வராது. குழிமேட்டுல கால்கட்ட அவுத்துரலாம்னுட்டாரு. மொறமாப்பிள்ளையே அவுக்கட்டும். இதுல யாருக்கும் ஆட்சேபன இல்லதான?"

இளம்பரிதியின் மனைவி அவிழ்ப்பதற்கு ஆட்சேபணை இல்லை என்றாள்.

சுகுணாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இதை அரை மணிக்கு முன்பே கேட்டுச் சொல்லியிருந்தால் ஒரு பல்லாவது மிஞ்சியிருக்கும். அதைவிட, இப்போது குழிமேட்டில் மாலையை விலக்கிப் பார்த்தால் கட்டு இருக்காது. கட்டு எங்கே என்று ஆரம்பிப்பார்கள். தானே அவிழ்த்துக்கொண்டாள் என்று ஒருவன் சொன்னால் போதும், வேறு கயிறு கொண்டுவந்து முன்பை விட இறுக்கிக் கட்டுவார்கள். தடுக்கவும் முடியாது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும்.

பெட்டியிலிருந்து பாடைக்கு மாற்றும்போது சுகுணாவே கால் பக்கம் பிடித்து, மாலை நகராமல் பார்த்துக்கொண்டாள். பாடையைத் தூக்கினார்கள். கோவிந்தம்மாள் மாலையைச் சரிசெய்யக் கை நீட்டியபோது, சின்னம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். கோவிந்தம்மாளும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது நடிப்பா நிஜமா என்று சுகுணாவுக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். தெருமுனையில் நின்று பார்த்தாள். வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே மண் ரோட்டில் பம்பைச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. நின்ற பின் ரொம்ப நேரம் ஆனது. யாராவது கயிறு எடுக்க ஓடி வருகிறார்களா என்று அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

ஆம்பளைகள் கிணற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினார்கள். சுகுணா குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது இளம்பரிதி பக்கத்தில் வந்து கால் கழுவுகிற சாக்கில் நின்றான்.

"கட்டு இல்ல," என்றான் தணிந்த குரலில்.

சுகுணா இன்னொரு வாய் தண்ணீர் எடுத்தாள்.

"மாலைய நகத்திப் பாத்தன், கட்டு இல்ல. அவுக்கற மாதிரி கொஞ்ச நேரம் கைய அங்கயே வெச்சிருந்தன். முடிச்சு ரொம்ப இறுக்கமாடான்னு அப்பா கேட்டாரு. ஆமாங்கப்பான்னன்."

அவள் குழாயை மூடினாள். இந்த ஆள்மேல் பதினைந்து வருஷமாக வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எடது கால்ல பெருசா ஒரு தழும்பு இருந்துச்சே," என்றான் இளம்பரிதி.

"ஒடிசாவுல மேட்ச்சுல ஒடைஞ்சுது. பிளேட் வெச்சாங்க. அதோடயே ரெண்டு வருசம் ஆடுனா."

"நல்லா ஆடுவாளா?"

"நீங்க பாத்ததே இல்லையா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். மனைவி கூப்பிடவும் போய்விட்டான்.

கிளம்பும்போது தீர்த்தகிரி வழிமறித்தார். "ராஜப்பன் போயிட்டாலும் அவங்க வூட்டுல அண்ணன் தம்பி இருப்பாங்க இல்ல? அத்துவுட்டா என்னா, ஒறவு ஒறவுதான. காரியத்துக்குச் சொல்லணும். நம்பர் குடு."

"வேணாங்க மாமா."

"நாளைக்கு ஒரு கொறை சொல்லப்படாது. குடு."

மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. குடு, குடு என்று அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசி வண்டியும் போய்விட்டால் இந்த ஊரில் தங்க வேண்டும், இவரோடு. சுகுணா டீக்கடை ராஜப்பனின் நம்பரைச் சொன்னாள். அண்ணன் என்றாள். பேர் கேட்பதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

தர்மபுரியில் ஒகேனக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது வாயில் இன்னும் மஞ்சள் கசந்தது. போனைப் போட்டாள். போட்ட உடனே அடித்தது.

"ஏன் ஆப் பண்ணி வெச்ச?" என்றான் மாது. "ஒரு வண்டி ஆளுங்க வந்து கடல மாவுல பொரிச்ச மீனத் தின்னுட்டுப் போயிட்டாங்க. நல்லாருக்குதுன்னாங்க. அது போவட்டும், ராஜப்பண்ணனுக்கு யாரோ கடத்தூர் பக்கமிருந்து போன் பண்ணாங்களாம். மலரு காரியத்துக்கு அவரு அவசியம் வரணுமாம். ஒன்னுமே புரியலேங்கறாரு. ஏதோ தம்பி செத்துப்போனதுக்கு வருத்தம் வேற சொன்னாங்களாம். அவருக்கு ஏது தம்பி?"

சுகுணா நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு என்னா சொன்னாரு?"

"வரேன்னுட்டாரு. பாதியிலயே அழ ஆரம்பிச்சுட்டாரு. மலருக்காகப் போவாம வேற யாருக்காகப் போவறதுன்னு கேக்கறாரு. என்ன சுகு நடக்குது அங்க?"

பஸ் கிளம்பியது. பதில் சொல்ல ஆரம்பித்தால் பென்னாகரம் வரைக்கும் போதாது. சுகுணா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, முன்சீட்டுக்கு அடியில் கால்களை நீட்டிக்கொண்டாள்.

"வந்து சொல்றன்," என்றாள். "அது வரைக்கும் எந்த டப்பாவையும் தொடாதீங்க."